486 கணினிக்கு ஒரு கன்ட்ரோலர் கார்டு: ஃபவுண்டரி சோதனைக்கூடத்தில் பதினொரு நாள்

## பின்னணி

கோவையில் உள்ள ஒரு ஃபவுண்டரியின் சோதனைக்கூடத்தில் இது நடந்தது. வார்ப்பு இரும்பின் இழுவலிமையைச் சோதிக்கும் யூடிஎம் (யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின்) அங்கே இருக்கிறது. அதோடு 1995-ல் வந்த கணினிதான் இன்றும் அதை ஓட்டுகிறது. 486 டிஎக்ஸ்2-66 பிராசசர், 8 மெகாபைட் நினைவகம், எம்எஸ்-டாஸ் 6.22, 426 மெகாபைட் ஐடிஇ ஹார்ட் டிஸ்க். மதர்போர்டில் ஐடிஇ போர்ட் (ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு) கிடையாது. ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி, பிரின்டர் போர்ட், இரண்டு சீரியல் போர்ட் எல்லாமே வெசா லோக்கல் பஸ் என்ற வேகமான ஸ்லாட்டில் செருகிய ஒரே மல்டி ஐ/ஓ கார்டிலிருந்து வந்தன; அதுதான் கன்ட்ரோலர் கார்டு.

யூடிஎம்மின் லோடு செல்லை (விசையை அளக்கும் உணரி) படிப்பது, ஐஎஸ்ஏ என்ற பழைய, மெதுவான ஸ்லாட்டில் இருக்கும் ஏடிசி கார்டு; உணரியின் மின்னழுத்தத்தை அது எண்ணாக மாற்றும். அதன் முகவரி 300, இன்டரப்ட் (பிராசசரின் கவனத்தை அழைக்கும் தடம்) 5. (இந்தக் கட்டுரையில் போர்ட், நினைவக முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் எண்கள்.) சோதனை மென்பொருள் பிரின்டர் போர்ட்டில் மாட்டிய டாங்கிள் என்ற உரிமச் சாவி இல்லாமல் திறக்காது.

கணினியையே மாற்றிவிடலாமே என்ற கேள்விக்கு முன்பே ஒருமுறை பதில் தேடியிருந்தார்கள். ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள ஒரு பென்டியம் 3 போர்டில் மென்பொருளை ஏற்றியபோது, திறந்த உடனே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றது. டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்களுக்கு வேகமான பிராசசரில் இதுதான் கதி: தாமத நேரத்தை அளக்கும் தொடக்கக் கணக்கில் வகுத்தல் விடை எல்லை மீறிப்போகும். அதைச் சரிசெய்யும் ஒட்டு உண்டு. ஆனால் சான்றிதழில் கையெழுத்தாகும் எண்களைத் தரும் நிரலில் கைவைக்க ஆய்வகப் பொறுப்பாளர் சம்மதிக்கவில்லை. அந்த முடிவு சரியானது.

## பழுது

சில வாரங்களாகவே காலையில் முதல் தடவை போடும்போது டிஸ்க் வராது. இருபது நிமிடம் விட்டுப் போட்டால் வரும். ஒரு திங்கட்கிழமை 'எச்டிடி கன்ட்ரோலர் ஃபெயிலியர்' என்ற வரியோடு நின்றுவிட்டது.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லோரும் ஹார்ட் டிஸ்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். வந்த பழுதுநீக்குநர் குறுக்குமாற்றாகச் சோதித்தார். இந்த டிஸ்க்கை ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் 4 கணினியில் மாட்டினார், தெரிந்தது. நல்ல நிலையில் இருக்கும் வேறொரு டிஸ்க்கை இந்தக் கார்டில் மாட்டினார், அதே பிழை. டிஸ்க்கின் மின்இணைப்பில் 5 வோல்ட் கம்பி 4.96 காட்டியது. 4.75-க்குக் கீழே போனால்தான் கவலை.

பிறகு கார்டைக் கழற்றிப் பார்த்தார். தங்கப்பூச்சு விரல்கள் கறுத்திருந்தன. வெசா கார்டுகள் நீளமானவை. பின்முனை ஸ்லாட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தாலே தொடர்பு போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து அழுத்திச் செருகியதும் வேலை செய்தது, இரண்டு மணி நேரத்துக்கு. ஹேர் ட்ரையரால் கார்டைச் சூடேற்றினால் டிஸ்க் வரும், ஆறினால் போகும். சில்லுகளின் கால்களை மீண்டும் சோல்டர் செய்தும் அதேதான். பழுது சில்லுக்குள்ளேயே இருக்கிறது என்று அந்தக் கார்டை ஒதுக்கினார்கள்.

மதர்போர்டில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதை வெட்டியெடுத்து, காரக் கசிவை வினிகரால் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, போர்டின் வெளிப் பேட்டரி முள்களில் புதியதை மாட்டினார்கள். பேட்டரியை வெட்டுவதற்கு முன் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) அமைப்புத் திரைகள் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்தார்கள். டிஸ்க் வகை 47, சிலிண்டர் 826, ஹெட் 16, செக்டர் 63 (டிஸ்க்கின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள்; வகை 47 என்றால் அவற்றை நாமே தட்டுவது). இந்த ஒரு படம் பின்னால் எவ்வளவு உதவியது என்பது கீழே வரும்.

## முதல் முடிவு: டிஸ்க்கின் முழுப் பிரதி

கார்டு தேடப் போகுமுன் டிஸ்க்கைப் படியெடுப்பது என்று முடிவானது. கன்ட்ரோலர்தான் கெட்டது என்று தெரிந்த பிறகும் இதைத் தள்ளிப்போடவில்லை. தெரியாத கார்டு ஒன்று தப்பாக எழுதினால் திரும்பிப் போக இடம் வேண்டும்.

பென்டியம் 4 கணினியில் லினக்ஸ் ஏற்றி, டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுத்தார்கள். மொத்தம் 832,608 செக்டர். 2 செக்டர் மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. அவை எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத காலி இடத்தில் இருந்தன. ஆனாலும் அந்த டிஸ்க்கை மீண்டும் வேலைக்கு வைப்பதில்லை என்றும், காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுக்கு மாறுவது என்றும் அன்றே தீர்மானித்தார்கள். காம்பாக்ட் ஃப்ளாஷ் தானாகவே ஐடிஇ பேசும். 40 முள் அடாப்டர் வெறும் இணைப்பு மாற்றிதான்.

## கார்டு எதற்கெல்லாம் பொருந்த வேண்டும்

ஸ்லாட்டில் நுழைகிறதா என்பது பொருத்தத்தின் முதல் படி மட்டுமே. கணினியில் ஏற்கெனவே யார் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லாமல் கடைக்குப் போனால், கிடைத்ததை வாங்கி வந்து திண்டாட வேண்டியதுதான். டாஸ் 6.22-உடன் வரும் எம்எஸ்டி நிரலை ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டியும், ஏடிசி கார்டின் ஜம்பர்களை (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பு முள்கள்) படித்தும் பட்டியல் தயாரானது.

ஐடிஇ 1எஃப்0 முதல் 1எஃப்7 வரையிலும் 3எஃப்6-லும் இருக்க வேண்டும், இன்டரப்ட் 14. ஃப்ளாப்பிக்கு இன்டரப்ட் 6, டிஎம்ஏ (பிராசசர் வழியாகப் போகாமல் நினைவகத்துக்குத் தரவு அனுப்பும் தடம்) 2. பிரின்டர் போர்ட் கட்டாயம் 378-ல். டாங்கிள் அங்கேதான் தேடப்படுகிறது. 300 முதல் 30எஃப் வரை ஏடிசி கார்டுக்கு. வேறு எதுவும் அங்கே வரக்கூடாது. இன்டரப்ட் 5-ம் அப்படியே.

வேகம் பட்டியலில் இல்லை. ஒரு சோதனைக்குச் சில பத்து கிலோபைட்தான் எழுதப்படுகிறது. ஆகவே வெசா கார்டுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 16 பிட் ஐஎஸ்ஏ கார்டே போதும். தேடலை எளிதாக்கிய முடிவு இது. வெசா கார்டு 33 மெகாஹெர்ட்ஸில் நேரடியாகப் பிராசசர் பஸ்ஸில் உட்காரும். போர்டுக்குப் போர்டு குணம் மாறும். ஐஎஸ்ஏ மல்டி ஐ/ஓ கார்டின் ஐடிஇ பகுதியோ சில பஃபர் சில்லுகளும் முகவரி பிரிக்கும் ஒரு சில்லும்தான். 8 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் அந்தப் பஸ்ஸில் தகராறு வர இடம் குறைவு.

ஸ்கசி என்ற வேறு வகை டிஸ்க் இணைப்புக் கார்டு போடலாம் என்று ஒருவர் சொன்னார். அடாப்டெக் 1542சிஎஃப் நல்ல கார்டுதான், 8 கிகாபைட் வரை தன் சொந்த பயாஸாலேயே கையாளும். ஆனால் அதில் பிரின்டர் போர்ட் இல்லை. இன்னொரு ஐ/ஓ கார்டும் வேண்டும். தவிர அது பஸ்ஸைத் தானே பிடித்து நினைவகத்துக்குத் தரவு அனுப்பும். ஏடிசி மாதிரி எடுக்கும் நேரத்தில் பஸ் வேறொருவர் கையில் இருப்பதை யாரும் விரும்பவில்லை.

## சென்னையிலிருந்து வந்த இரண்டு கார்டுகள்

ரிச்சி தெருவில் பழைய உதிரிகள் விற்கும் கடைகளில் தேடி ஒரு வெசா கார்டும் ஒரு ஐஎஸ்ஏ கார்டும் வாங்கினார்கள். வெசா கார்டு பழைய கார்டைப் போலவே இருந்ததால் அதையே முதலில் போட்டார்கள். பட்டியலின்படி ஐஎஸ்ஏ போதும் என்று தீர்மானித்துவிட்டு இதைச் செய்தது தவறு. இரண்டு நாள் போனது.

அதில் ஐடிஇ உடனே வந்தது, ஆனால் மென்பொருள் திறக்கவில்லை. "சார், டாங்கிள் இல்லைன்னே சொல்லுதுங்க" என்றார் ஆபரேட்டர். பிரின்டர் போர்ட் 278-ல் இருந்தது. கார்டில் ஜம்பர்களுக்கு எண் மட்டுமே இருந்தது, விளக்கம் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றி, எம்எஸ்டியில் பார்த்து, 378-க்குக் கொண்டுவந்தார்கள். டாங்கிளும் கிடைத்துவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் பெரிய சேதம் வந்திருக்கும். பழுதுநீக்குநர் ஒரு சோதனை செய்தார்: 20 மெகாபைட் அளவுக்குக் கோப்புகளை ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுத்து, எஃப்சி கட்டளையை பைனரி ஒப்பீட்டுக்கான /பி சுவிட்சோடு ஓட்டினார். மூன்று கோப்புகளில் சில பைட்டுகள் மாறியிருந்தன. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. பஸ் வேகத்துக்கும் காத்திருப்புச் சுற்றுக்கும் உரிய ஜம்பர் எது என்று தெரியாத கார்டில் இப்படித்தான் நடக்கும். செத்துப்போன கார்டைவிட ஓசையில்லாமல் தரவைக் கெடுக்கும் கார்டு ஆபத்தானது. அதைக் கழற்றினார்கள்.

ஐஎஸ்ஏ கார்டு வின்பாண்ட் 83757 சில்லுள்ளது. ஜம்பர் அட்டவணை கார்டின் மேலேயே வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது. பழைய கார்டு வாங்கும்போது பணம் கொடுக்கத் தகுந்த முதல் காரணம் இதுதான். ஐந்து நிமிடத்தில் எல்லா முகவரியும் அமைந்தது. 40 முள் கேபிளின் சிவப்புக் கோடு முதல் முள்ளில் இருக்கும்படி, 45 சென்டிமீட்டருக்கு மிகாத கேபிளால் 2 கிகாபைட் காம்பாக்ட் ஃப்ளாஷை மாட்டினார்கள். எஃப்சி சோதனையை நான்கு முறை ஓட்டினார்கள். ஒரு பைட்டும் மாறவில்லை.

## ரோம் சில்லு என்ற சுற்றுவழி

இந்த போர்டின் பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் அறியாது. அது 528,482,304 பைட்; வழக்கமாகச் சொல்லும் 504 மெகாபைட் எல்லை. 2 கிகாபைட் கார்டைப் பார்த்ததும், எல்லையைத் தாண்ட எக்ஸ்டி-ஐடிஇ யூனிவர்சல் பயாஸ் போட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் அருமையான மென்பொருள் அது. 8 கிலோபைட் ரோம் சில்லில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் போதும். கையில் திரீகாம் 3சி509பி ஒன்று இருந்தது.

நான்கு இடங்களில் தடுக்கியது. ஒவ்வொன்றும் மற்றவர்களுக்கும் வரக்கூடியது.

நெட்வொர்க் கார்டின் வழக்கமான முகவரி 300. ஏடிசி கார்டின் முகவரியும் அதுதான். செருகியதும் யூடிஎம் திரையில் லோடு எண் தாறுமாறாக ஓடியது. கார்டைக் கழற்றி, வேறொரு கணினியில் அதன் அமைப்பு நிரலை ஓட்டி, முகவரி 280, இன்டரப்ட் 10, பிளக் அண்ட் பிளே அணைத்தது, பூட் ரோம் டி000-ல் 8 கிலோபைட் என்று மாற்றிக் கொண்டுவந்தார்கள். இதற்கென விற்கும் எக்ஸ்டி-ஐடிஇ கார்டுகளும் பெரும்பாலும் 300-ல்தான் தொடங்கும். கணினியில் போடுமுன் மாற்ற வேண்டும், போட்ட பின் அல்ல.

இரண்டாவது, சில்லு. சந்தையில் எளிதாகக் கிடைப்பது டபிள்யூ27சி512, 64 கிலோபைட். 8 கிலோபைட் சில்லுக்கான சாக்கெட்டில் அதன் மேல் முகவரிக் கால்கள் 5 வோல்ட்டில் நிற்குமா தரையில் நிற்குமா என்பது கார்டைப் பொறுத்தது. அதைத் தேடிக்கொண்டிருக்காமல், 8 கிலோபைட் கோப்பை எட்டு முறை அடுத்தடுத்து எழுதிச் சில்லை நிரப்பினார்கள். எந்தப் பகுதி படிக்கப்பட்டாலும் ஒரே உள்ளடக்கம்தான்.

மூன்றாவது தடங்கலில் அரை நாள் போனது. கணினி ரோமைக் கண்டுகொள்ளவே இல்லை. டீபக் நிரலில் டி000:0-ஐப் பார்த்தால் '55 ஏஏ 10' சரியாகத் தெரிந்தது. முதல் இரண்டு பைட்டும் ரோமின் அடையாளம். மூன்றாவது 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கை, ஹெக்ஸ் 10 என்றால் 16. ரோம் கண்ணில் தெரிகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் செக்சம்தான். எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி பைட் பூஜ்யமாக வர வேண்டும்; இல்லையென்றால் பயாஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப்போகும். கன்ட்ரோலர் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஒன்றாக்க யாரோ ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு பைட்டை மாற்றியிருந்தார்கள். அந்த மென்பொருளின் சொந்த அமைப்பு நிரலிலேயே மாற்றிச் சேமித்ததும் ரோம் ஓடியது. இஎம்எம்386 (டாஸின் நினைவக மேலாண்மை நிரல்) அதே நினைவகப் பகுதியை எடுத்துக்கொண்டு கான்ஃபிக் கோப்பிலேயே உறைந்தது நான்காவது தடங்கல். டி000 முதல் டி1எஃப்எஃப் வரை விலக்கச் சொன்னதும் தீர்ந்தது.

பயாஸில் ஹார்ட் டிஸ்க்கை 'இல்லை' என்று வைத்து, பழைய டிஸ்க்கின் பிரதியை அப்படியே ஃப்ளாஷில் எழுதிப் போட்டால் டாஸ் எழும்பவில்லை. காரணம் எளியது. 2 கிகாபைட் கார்டு தன்னை 3970 சிலிண்டர், 16 ஹெட் என்று சொல்கிறது. 1024-க்குள் அடக்க ரோம் அதை 992 சிலிண்டர், 64 ஹெட் என்று மாற்றிக் காட்டுகிறது. பிரதியின் பூட் செக்டரிலோ 16 ஹெட் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. எனவே எஃப்டிஸ்க்கில் புதிதாகப் பிரித்து, /எஸ் சுவிட்சோடு ஃபார்மட் செய்து, எக்ஸ்காப்பியால் கோப்புகளைப் படியெடுத்தார்கள். கணினி எழும்பியது. மென்பொருள் திறந்தது. எல்லோரும் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

## ப்ரூவிங் ரிங் காட்டியது

ஒன்பதாம் நாள், சோதனை தொடங்கும் முன் ஆய்வகப் பொறுப்பாளர் ப்ரூவிங் ரிங்கை (விசையைச் சரிபார்க்கும் அளவீட்டு வளையம்) வைத்து 50 கிலோநியூட்டன் ஏற்றச் சொன்னார். திரை 48.1 காட்டியது. ஐஎஸ்ஓ 7500-1-ன் கிளாஸ் 1 யூடிஎம்முக்கு 1 சதவீதம்தான் அனுமதி, இது 3.8 சதவீதம் குறைவு.

ஏடிசி கார்டைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் போனது. பிறகு பழைய பிரதியை லினக்ஸில் திறந்து டைரக்டரிகளை வரிசையாக ஒப்பிட்டார்கள். ஃப்ளாஷில் ஒரு கோப்பு குறைந்தது. லோடு செல்லின் அளவுத்திருத்த எண்கள் உள்ள கோப்பு அது. யாரும் தவறி அழித்துவிடக் கூடாதென்று மறைகோப்பாக வைக்கப்பட்டிருந்தது. டாஸ் 6.22-ன் எக்ஸ்காப்பி மறைகோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் தொடாது. கோப்பு இல்லாததால் மென்பொருள் தன் உள்ளிருப்பு எண்ணை எடுத்துக்கொண்டு, எச்சரிக்கை எதுவும் காட்டாமல் ஓடியது. அன்று ரிங் வைக்காமல் இருந்திருந்தால் அந்த எண்கள் சான்றிதழுக்குப் போயிருக்கும்.

## ரோமைக் கழற்றினார்கள்

கோப்பை மட்டும் படியெடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்போது பழுதுநீக்குநர் கேட்ட கேள்வி திசையை மாற்றியது: 426 மெகாபைட் தரவுக்கு 504 மெகாபைட் எல்லை எங்கே குறுக்கே வந்தது?

வரவே இல்லை. ஃப்ளாஷ் கார்டு 16 ஹெட், 63 செக்டர் என்றே தன்னை அறிவிக்கிறது. பழைய டிஸ்க்கும் அதே. சிலிண்டரை மட்டும் குறைத்துச் சொன்னால் பயாஸ் அந்த அளவை மட்டும் பயன்படுத்தும், மீதி சும்மா கிடக்கும். நெட்வொர்க் கார்டையும் ரோமையும் எடுத்துவிட்டு, படத்தில் இருந்தபடி வகை 47-ல் 826, 16, 63 என்று தட்டினார்கள். முழுப் பிரதியை ஃப்ளாஷின் தொடக்கத்திலிருந்து எழுதி, முதல் 426,295,296 பைட்டையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டார்கள். முதல் முயற்சியிலேயே எழும்பியது. மறைகோப்பும் கூடவே வந்திருந்தது. இஎம்எம்386 விலக்கும் தேவைப்படவில்லை.

தேவையில்லாத ரோம் ஹெட் எண்ணிக்கையை மாற்றியது, அதனால் கோப்புப் பிரதிக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் அளவுத்திருத்தம் விடுபட்டது. 504 மெகாபைட்டுக்கு மேல் உண்மையிலேயே தேவைப்படும்போதும், ஐடிஇ அறியாத எக்ஸ்டி கணினிகளிலும் அந்த ரோம் பெரிய வரம். இங்கே அதற்கு வேலை இல்லை.

## விளைவு

பத்தாம் நாள் ப்ரூவிங் ரிங் சோதனையை 20, 50, 100 கிலோநியூட்டனில் மும்மூன்று முறை செய்தார்கள். எல்லாம் 1 சதவீதத்துக்குள். பழுதுக்கு முன் சோதித்த அதே கம்பியிலிருந்து எடுத்து வைத்திருந்த துண்டை இழுத்துப் பார்த்து, பழைய அறிக்கையோடு ஒப்பிட்டார்கள். பதினோராம் நாள் கூடம் திறந்தது. காலையில் குளிர்ந்த நிலையில் போட்டாலும் கணினி எழும்புகிறது.

## அடுத்த முறை மாற வேண்டியவை

வகை 47-ன் மூன்று எண்களும் இப்போது கேபினட் மூடியின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கின்றன; பக்கத்தில் முகவரிப் பட்டியலும் ஜம்பர்களின் படமும். முழுப் பிரதி எழுதிய இரண்டாவது ஃப்ளாஷ் கார்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அளவுத்திருத்தம் முடிந்த மறுநாள் அதைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய எண்கள் திரும்பி வந்துவிடும். அதே சில்லுள்ள இன்னொரு ஐஎஸ்ஏ கார்டையும் வாங்கி, எஃப்சி சோதனை செய்து, ஜம்பர்களை அமைத்தே வைத்திருக்கிறார்கள்.

கார்டு மாற்றினாலும், டிஸ்க் மாற்றினாலும், கேபிளை மட்டும் மாற்றினாலும்கூட, சோதனைக்கு முன் ப்ரூவிங் ரிங் வைப்பது கட்டாயமாகிவிட்டது.

ஏடிசி கார்டுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. டாங்கிளுக்கும் இல்லை. டாங்கிளை அடிக்கடி கழற்றி மாட்டாமலிருக்க, பிரின்டர் போர்ட்டில் ஒரு நீட்டிப்புக் கேபிளை நிரந்தரமாகத் திருகி, அதன் முனையில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள்.